பித்தளைக் காப்பில் பிடிபட்ட பேய்

மதுரை ரயில் நிலையத்து வாசலில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் முன்பெல்லாம் "மீனாட்சி கோயிலுக்கு எம்புட்டுப்பா?" என்றுதான் ஜட்கா வண்டிக்காரர்களிடம் கேட்பார்கள். அந்த வருஷம் கேள்வி மாறிவிட்டது. "பரிமளச் சாமி தோப்புக்கு எம்புட்டு?" என்று கேட்டார்கள். மழை பொய்த்துக் கண்மாய் காய்ந்து கிடந்தது. மில்லில் ஆள் குறைத்தார்கள். சோற்றுக்கு வழியில்லாதவர்கள்கூட சாமிக்கு வழி கேட்டார்கள். பக்திக்கு என்றைக்கய்யா நம் ஊரில் பஞ்சம் வந்தது?

தோப்புக்கு வழி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதில் சங்கிலியை மிஞ்ச ஆள் கிடையாது. அவனும் ஜட்கா வண்டிக்காரன்தான். ஆனால் மற்றவர்கள் குதிரையை ஓட்டினார்கள், இவன் வாயை ஓட்டினான்.

"ஏறுங்கண்ணே, ஏறுங்க! சாமி மத்தவுகளாட்டம் பேசமாட்டாரு. கையைத் தொடுவாரு, அம்புட்டுத்தான். நல்ல ஆத்மான்னா கை மணக்கும். உள்ள பேய் பிசாசு இருந்துச்சுன்னா நாறும். கைலாசத்துல காய்ச்சின தைலம்ணே!"

ஏற்றிவிடுகிற ஆளுக்கு இவ்வளவு என்று தோப்பிலிருந்து தனியாக ஒரு கையூட்டு வந்ததை மட்டும் அவன் அண்ணன்மார்களிடம் சொல்வதில்லை.

தோப்பு திருப்பரங்குன்றம் போகிற சாலையில், பசுமலைக்கு இந்தப் பக்கம் இருந்தது. உள்ளே ஒரு கொட்டகை. நடுவில் காவித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஸ்ரீலஸ்ரீ பரிமளானந்த சுவாமிகள் மான்தோலில் அமர்ந்திருப்பார், சுற்றிலும் ஆண்கள். அந்தப் பக்கம் பெண்கள். சுவாமிகள் ஆயுள் பிரம்மச்சாரி. பெண் முகம் கண்ணில் பட்டால் தவம் திரிந்துபோகுமாம். பெண்கள் கொண்டுவருகிற தட்சணை பட்டால் மட்டும் திரியாது. ஆகவே திரையில் ஒரு கிழிசல் விட்டிருந்தார்கள். பெண்கள் முழங்கை வரை மஞ்சள் பூசிக்கொண்டு, அந்தக் கிழிசல் வழியாக ஒரு கையை மட்டும் நீட்ட வேண்டும். சுவாமிகள் வெள்ளிக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு மணிக்கட்டில் தேய்ப்பார். அப்புறம் கையை உள்ளே இழுத்து முகர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மணம் என்றால் அது சாதாரண மணமில்லை. முதலில் கிராம்பும் ஏலமும் மூக்கில் ஏறும். பிறகு சாம்பிராணி, குங்கிலியம். எல்லாம் அடங்கிய பின் சந்தனத்துக்கு அடியில் உயிருள்ள ஏதோ ஒன்று மூச்சு விடுகிற மாதிரி ஒரு வெதுவெதுப்பு. அதை மோந்தவர்கள் வீடு போய்ச் சேரும்வரை கையை மூக்கிலிருந்து எடுக்கமாட்டார்கள்.

நாற்றமும் சாதாரண நாற்றமில்லை. எருமைத் தொழுவத்தில் எலி செத்துக் கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. உடனே சீடன் விருமாண்டி உறுமியைத் தட்டி, "கரும்பேய்!" என்று கூவுவான். பிறகு கழிப்பு, கயிறு, பரிகாரம், அதற்கும் அடங்காத பேய்க்குச் சூடு என்று அந்தக் குடும்பம் தோப்புக்கும் வீட்டுக்கும் நடையாய் நடக்கும். ஆண்களுக்குப் பேய் பிடிப்பதே இல்லை என்பது சுவாமிகளின் தனிக் கண்டுபிடிப்பு. சாராயக் கடையிலிருந்து தள்ளாடி வந்து பெண்டாட்டியை அடிக்கிறவனை அங்கே யாரும் கை நீட்டச் சொன்னதில்லை.

முகத்தையே பார்க்காமல் கையை வைத்து உள்ளத்தைச் சொல்கிறாரே என்று ஊர் மலைத்தது. சாதி மத பேதமில்லாமல் மலைத்தது. மிஷன் பள்ளி வாத்தியார் லூர்துராஜ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் மனைவியை அழைத்து வந்தார். "சயின்ஸ்படி பார்த்தால் இதில் ஒருவித எலெக்ட்ரிசிட்டி இருக்கிறது" என்றார். படித்தவன் ஏமாந்தால் அதற்கும் ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்துவிட்டுத்தான் ஏமாறுவான்.

சங்கிலியின் பிழைப்பு இப்படி மணந்துகொண்டிருந்தபோதுதான் அவன் ஆத்தா ஒரு நாள் கேட்டாள்.

"ஏன்டா, ஊரையே ஏத்திக்கிட்டுப் போறியே, உன் பொண்டாட்டிய ஒரு நாள் கூட்டிட்டுப் போனியா? கலியாணமாகி இம்புட்டு நாளாச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி உண்டா? சாமிகிட்டக் காட்டுடா."

சங்கிலியின் மனைவி பாண்டியம்மாள் திருவாதவூர்க்காரி. சொந்த அத்தை மகள்தான். நாக்கு கொஞ்சம் நீளம், பார்வை அதைவிட நீளம். "அவரு மருத்துவச்சியா என்ன, கையைப் பிடிச்சுப் பார்க்க?" என்றாள். ஆனாலும் புருஷன் முகம் வாடுகிறதே என்று மஞ்சளைப் பூசிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கையை நீட்டினாள். சுவாமிகள் தேய்த்தார். கொட்டகையே நாறியது.

உறுமி முழங்கியது. விருமாண்டி திரைக்கு முன்னால் நின்று சாமியின் வாக்கை மொழிபெயர்த்தான்: இது கழிப்புக்கு அடங்குகிற பேயில்லை, கர்ப்பத்தைத் தின்கிற பேய். வருகிற அமாவாசையன்று மணிக்கட்டில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டால்தான் இறங்கும். போடாவிட்டால் முதலில் சங்கிலியின் குதிரை சாகும், அடுத்தது சங்கிலி.

ஊரையெல்லாம் ஏற்றிவந்த வண்டியில் கடைசியில் பேயையும் தன் வீட்டுக்கே ஏற்றிப்போகிறோம் என்று சங்கிலி நினைத்தான். ஆத்தா வீட்டு வாசலிலேயே மருமகளை மறித்து, "அமாவாசைவரைக்கும் அடுப்படிப் பக்கம் வராதே. சூடு போட்டுக்கிட்டா வீட்டுக்குள்ள வா. இல்லையின்னா இப்பவே திருவாதவூருக்குப் போயிரு. என் மகனுக்குப் பொண்ணா கிடைக்காது?" என்றாள்.

பாண்டியம்மாள் அழவில்லை. கொட்டிலில் குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நாற்றம் போகவில்லை. மணிக்கட்டை மறுபடி மறுபடி மோந்தாள்.

"மாமா, இங்க வா. இந்த நாத்தத்தை நீ இதுக்கு முன்னால மோந்ததில்ல?"

"பேயி நாத்தத்தை நான் எங்க மோந்தேன்?"

"நம்ம வண்டியில. போன மாசம் வண்டி மெத்தையைக் கழுவச் சொல்லிக் குடுத்தியே, என்னமோ செத்துக் கிடக்குன்னு. அதே நாத்தம்."

சங்கிலிக்கு நினைவு வந்தது. அன்றைக்கு விருமாண்டியைத்தான் ஏற்றிப்போனான். காஜிமார் தெரு முனையில் ஜலால் பாயின் அத்தர் கடையில் அவன் ஒரு சின்ன மூங்கில் குழாய் வாங்கினான். வண்டி குலுங்கியதில் மூடி திறந்துகொண்டது. குதிரைகூட ஒரு தும்மல் போட்டது. நாசமாய்ப் போகிற மூக்கு அன்றைக்கே சொன்னது. மூளைதான் கேட்கவில்லை, அது தட்சணையில் தன் பங்கை எண்ணிக்கொண்டிருந்தது.

மறுநாள் சங்கிலி ஜலால் பாய் கடைக்குப் போனான். பாய் கனத்த உடம்புக்காரர், சாவகாசமாகப் பேசுகிறவர். சங்கிலி சொன்னதைக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து மூங்கில் குழாயை எடுத்துத் திறந்து மூக்குக்கு நேரே காட்டினார். சங்கிலி பின்னால் சாய்ந்தான். அதே கரும்பேய்!

"புனுகு, தம்பி. கூண்டுல பூனையைப் போட்டு வளர்ப்பாங்க. அது கட்டையில உரசிட்டுப் போறதை வழிச்சு எடுக்கிறது. இப்படி மொட்டையா மோந்தா உசுரு போயிரும். இப்பப் பாருங்க."

ஊசி முனையில் துளி புனுகைத் தொட்டு, சந்தனத் தைலக் குப்பியில் கலக்கினார். கிராம்புத் தைலம் இரண்டு சொட்டு, சாம்பிராணி வடித்தது கொஞ்சம். குலுக்கி, சங்கிலியின் புறங்கையில் வைத்தார். கைலாசமே இறங்கி வந்தது.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா பாய்?"

"ஒரே பூனைதான். கொஞ்சமா இருந்தா மணம், அதிகமா இருந்தா நாத்தம். எங்க வாப்பா காலத்துலேருந்து வர்ற கைமுறை இது."

"அப்ப சாமி ஏமாத்துறாருன்னு நீங்க வந்து சொல்லுங்க பாய்!"

பாய் குழாயை மூடினார். "நான் பூனையைப் பத்தித்தான் பேசினேன், சாமியைப் பத்திப் பேசலை. நான் வந்து சொன்னா என்ன சொல்லுவாங்க? ஜலால் பாய் நம்ம சாமியைக் கெடுக்க வந்துட்டான்னு கடையை உடைப்பாங்க. உங்க சாமி, உங்க பொண்டாட்டி. நீங்களே பாருங்க தம்பி."

சங்கிலி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பாண்டியம்மாளிடம் சொன்னான். சொல்லி முடித்ததும் மறுபடி பயம் வந்துவிட்டது. நம்பிக்கை என்பது அரணை மாதிரி, வாலை வெட்டினாலும் தலை ஓடும்.

"ஆனாலும் புள்ள, தைலம் பூனையோடதா இருக்கட்டும். யாருக்கு மணத்தை வைக்கணும், யாருக்கு நாத்தத்தை வைக்கணும்னு சாமிக்கு எப்படித் தெரியுது? அவருதான் முகத்தையே பார்க்கிறதில்லையே? அங்கதான் தெய்வ சக்தி இருக்கு."

பாண்டியம்மாள் தன் பித்தளைக் காப்பை ஒரு சுற்றுத் திருகினாள். "நல்லாக் கேட்ட மாமா. அதை நான் சாமிகிட்டயே கேக்குறேன். கிண்ணத்தைத் தொட்டது மோதிர விரலு, என் கையில தேச்சது சுண்டு விரலு. அதுல ஒரு நகம், கத்தரிக்காய்க் காம்பு நீளத்துக்கு. எல்லாம் கிழிசல் வழியாப் பார்த்தேன். அமாவாசைக்கு நான் வாரேன். நீ ஒண்ணும் பேசாம ஆம்பளைங்க பக்கம் நில்லு. அது போதும்."

"சூடு போட்டுருவாங்கடி!"

"போட வருவாங்க" என்றாள்.

அமாவாசை காலையில் தோப்பு நிரம்பி வழிந்தது. சூடு போடுகிறார்கள் என்றால் சும்மாவா? கரகாட்டத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. முறுக்கு விற்றார்கள், பதநீர் விற்றார்கள். பிறத்தியார் வீட்டுப் பெண்ணின் கை பொசுங்குவதைப் பார்க்கப் பிள்ளைகுட்டிகளுடன் வந்து இடம் பிடித்தார்கள். லூர்துராஜ் வாத்தியார் முன்வரிசை. சங்கிலியின் ஆத்தா பெண்கள் பக்கம்.

அந்தப் பக்கத்தில் நடு நாயகமாக ஜவுளிக்கடை முதலாளியம்மா சுந்தரம்மாள் உட்கார்ந்திருந்தாள். தோப்புக்குக் கிணறு வெட்டிக் கொடுத்ததும் கொட்டகைக்குத் தகரம் போட்டதும் அவள்தான். ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும் சுவாமிகள், "மீனாட்சி கடாட்சம்!" என்று உருகுவார். ஊரில் அந்தக் கடாட்சத்தை அறியாத வீடு இல்லை, சுந்தரம்மாளே வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். பாண்டியம்மாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததையும், இருவரும் ஏதோ குசுகுசுவென்று பேசியதையும் திரைக்கு இந்தப் பக்கம் நின்ற சங்கிலி பார்க்கவில்லை.

அவன் பார்த்ததெல்லாம் இரும்புக் கம்பியைத்தான். கரி அடுப்பில் அதன் நுனி சிவந்துகொண்டிருந்தது.

முதலில் கிழிசல் வழியாக ஒரு கை வந்தது. மஞ்சள் பூசிய கை, மணிக்கட்டு நிறையத் தங்க வளையல். சுவாமிகள் மோதிர விரலைக் கிண்ணத்தில் நனைத்துப் பூப்போலத் தேய்த்தார். கொட்டகை கமகமத்தது. "மீனாட்சி கடாட்சம்!" என்று கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இன்னும் சில கைகள் வந்து போயின. பிறகு ஒரு கை வந்தது. அதிலும் மஞ்சள். மணிக்கட்டில் ஒரே ஒரு பித்தளைக் காப்பு, வாய் திறந்த பழைய காப்பு. சங்கிலி சித்திரைத் திருவிழாவில் வாங்கிக் கொடுத்தது.

சுவாமிகளின் சுண்டு விரல் நீண்டது. நகத்தால் ஒரு கீறல். நாற்றம் குப்பென்று கிளம்பியது.

"கரும்பேய் முத்திருச்சு!" விருமாண்டி பாய்ந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் உறுமியை இழுத்து இழுத்து முழக்கினான். திரைக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் வீறிட்டது. சொன்னது என்னவென்று உறுமிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கை பின்னால் இழுத்தது, திமிறியது.

"பேய் அலறுது! விடாதே! பிடி!" என்று கூட்டம் சொக்கிப்போய்க் கத்தியது.

கம்பி அடுப்பிலிருந்து வெளியே வந்தது. சங்கிலிக்கு அதற்குமேல் சாமியும் தெரியவில்லை, சாபமும் தெரியவில்லை. குதிரை செத்தால் சாகட்டும், நான் செத்தாலும் சாகிறேன் என்று தோன்றிவிட்டது. கம்பி வைத்திருந்தவனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, திரையை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தான். கயிறோடு அறுந்து விழுந்தது.

"அடேய் எடுபட்ட பயலே! நான்டா! விடுடா கையை!"

விருமாண்டியின் பிடியில் திமிறிக்கொண்டிருந்தது சுந்தரம்மாள். ஜவுளிக்கடைச் சுந்தரம்மாள். மீனாட்சி கடாட்சம் பெற்ற சுந்தரம்மாள். அவள் கையில் பித்தளைக் காப்பு. நாலு ஆள் தள்ளி, மணிக்கட்டு நிறையத் தங்க வளையலும் கமகமக்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள் பாண்டியம்மாள்.

உறுமி நின்றது.

"இவதான் கேட்டா," என்று சுந்தரம்மாள் மூச்சு வாங்கினாள். "சாமி என் கையைத் தங்க வளையலை வச்சு அடையாளம் காணுறாருன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. அடி போடி, சாமி பார்க்கிறது ஆத்மாவை, வளையலை இல்லைன்னு சொன்னேன். அப்ப மாத்திப் போட்டுக்குவோமா அம்மான்னு கேட்டா. சாமியோட பெருமையை நாலு பேரு பார்க்கட்டும்னுதானே மாத்திக்கிட்டேன்! இப்ப என் கையைப் பொசுக்க வாரீகளே, பாவிகளா!"

சுவாமிகள் லேசுப்பட்டவரா? ஒரு கணம்தான் விழித்தார். மறுகணம் எழுந்து கையை உயர்த்தினார். கடாட்சத்தைத் தவிர வேறு வார்த்தை பேசாத சாமிக்கு வாயும் வந்துவிட்டது.

"தாவிவிட்டது! காப்பு வழியாகப் பேய் அம்மாள் மேல் தாவிவிட்டது!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், கூட்டத்தில் பாதிப் பேர், "அதானே பார்த்தேன்!" என்று தலையாட்டினார்கள். "பித்தளை நல்ல கண்டக்டர்" என்றார் லூர்துராஜ் வாத்தியார்.

பாண்டியம்மாள் முன்னால் வந்தாள். "அப்படியே இருக்கட்டும் சாமி. பேயி எங்க இருக்குன்னு உங்க தைலம்தானே சொல்லுது? அதே சுண்டு விரலை உங்க மணிக்கட்டுல தேச்சுக் காட்டுங்க. உங்களை எந்தப் பேயும் அண்டாதுல்ல? மணக்கட்டும்."

சுவாமிகள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

பாண்டியம்மாள் கேட்டதோடு நின்றாள். சுந்தரம்மாள் நிற்கவில்லை. கிணறு வெட்டிக் கொடுத்தவள் அல்லவா! சுவாமிகளின் கையை முன்னால் இழுத்து, அந்தச் சுண்டு விரலை அவருடைய மீசையிலேயே அழுத்தித் தேய்த்தாள். ஆயுள் பிரம்மச்சாரி உவ்வே என்றார். மான்தோலிலேயே வாந்தி எடுத்தார். நகத்தின் அடியிலிருந்து மண்ணிறத்தில் களிம்பு வழிந்தது.

"பார்த்துக்கங்க எல்லாரும்," என்றான் சங்கிலி. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பூனை. நகத்துல இருந்தா நாறும், சந்தனத்துல கலந்தா மணக்கும். இவன் ஆளு வாங்கிட்டு வந்ததை என் வண்டியிலதான் ஏத்திட்டு வந்தேன். பொம்பளைக முகத்தைப் பார்க்க மாட்டேன்னான். கையில கிடக்கிறதைப் பார்த்துத் தங்கமா பித்தளையான்னு எடை போட்டிருக்கான்!"

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? இதுவரை சூடு பட்டிருந்த பெண்கள்தான் முதலில் எழுந்தார்கள். வடுவோடு இருந்த கைகளே சாமியின் சிண்டைப் பிடித்தன. போலீசு வந்தபோது, தங்களைக் காப்பாற்ற வந்த தெய்வம் அதுதான் என்று சுவாமிகளும் சீடனும் ஓடிப்போய் அதன் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

வண்டி வீட்டுக்குத் திரும்பியது. பின்னால் ஆத்தா உட்கார்ந்திருந்தாள். சங்கிலிக்குத் தன் வீரம் தனக்கே தாங்கவில்லை. "பார்த்தியா புள்ள? உன் மேல கம்பி பட்டுருமோன்னு எப்படிப் பாஞ்சேன் பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன்" என்றாள் பாண்டியம்மாள். "அதுக்காகத்தான் இந்த வண்டியில ஏறினேன். ஆனா ஒண்ணு சொல்லு மாமா. சாமியாரு கைக்காரியைப் பார்க்கலை, காப்பைப் பார்த்தான். சரி, அவன் திருட்டுப்பய. முதலாளியம்மா கை தலையணையாட்டம் இருந்துச்சு. என் கை சுள்ளியாட்டம் இருக்கு. தினமும் இந்தக் கையால சோறு திங்கிற நீ எதைப் பார்த்த?"

சங்கிலி குதிரையை இல்லாத வேகத்துக்கு விரட்டினான்.

பின்னாலிருந்து ஆத்தா தொண்டையைச் செருமினாள். "இவன் போலிதான்டா. ஆனா அழகர்கோவில் பக்கம் ஒரு சாமி எலுமிச்சம்பழத்தை உருட்டிச் சொல்லுறாராம். அவரு அசலாம்" என்றாள்.

சங்கிலி வண்டியை நிறுத்தினான். திரும்பி உட்கார்ந்தான். "ஆத்தா, அங்க போகணும்னா இறங்கி நடந்து போ. இந்த வண்டி இனிமே கண்ணு இருக்கிறவுகளுக்கு மட்டுந்தான்."

மூடர்களே, மூக்கு உங்களுடையது. கண் உங்களுடையது. வீட்டுப் பெண்ணின் கையும் உங்களுக்குத் தெரிந்த கைதான். நெருப்பில் கம்பியைப் போடுவதற்கு முன்னால் அந்தக் கையை ஒரு தடவை உற்றுப் பார்த்தால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளப் போகிறது? கோபித்துக்கொள்கிற சாமி என்றால், முதலில் அவன் நகத்தை வெட்டுங்கள்.